பல்லை எண்ணுவது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பக்கத்தில் மண்ணிலும் மணலிலும் ஓட்டுகிற பழைய சின்ன டர்ட் பைக்குகளைப் புதுப்பிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்தது. எனக்கு அதைக் காட்டியவர் பக்கத்து டீக்கடைக்காரர். பஜ்ஜி மடிக்க எடுத்த தாளில் வண்டிப் படம் இருக்கிறதே என்று எடுத்துவைத்துக் கொடுத்தார், எண்ணெய்க் கறையோடுதான் படித்தேன். படம் அருமை, எழுதியவருக்கு வண்டி மேல் ஆசை இருக்கிறது, அதெல்லாம் சரி. ஆனால் பின் ஸ்ப்ராக்கெட், அதாவது பின் சக்கரத்தில் செயின் ஓடுகிற பல் சக்கரம், தேய்ந்துபோனால் பழையதில் எத்தனை பல் என்று எண்ணிக்கொண்டு அதே எண்ணிக்கையில் புதுசு வாங்கி மாட்டிவிடலாம் என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நம்பி வாங்கிவிட்டு, மாட்ட முடியாமல் என் பட்டறைக்கு இதுவரை மூன்று பேர் வந்துவிட்டார்கள். எனக்கு வேலை கிடைத்தது, வாஸ்தவம்தான். ஆனாலும் அவர்கள் காசு போனது போனதுதானே.

எங்கள் பக்கம் அதை யாரும் ஸ்ப்ராக்கெட் என்று சொல்வதில்லை, செயின் பிராக்கெட் என்பார்கள், கடையில் அப்படிக் கேட்டால்தான் எடுத்தே கொடுப்பார்கள். பேப்பருக்கு எழுதுவதால் ஸ்ப்ராக்கெட் என்றே எழுதுகிறேன். நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் 22 வருஷம் டர்னராக, அதாவது லேத்தில் இரும்பு கடைகிறவனாக, இருந்துவிட்டு, இப்போது காட்பாடியில் சித்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பழைய மில்லிங் மெஷின் வைத்துப் பிழைக்கிறவன். வட ஆற்காட்டை 1989-ல் ஒருமுறை பிரித்தார்கள், 2019-ல் வேலூரை மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள், ஆனால் வண்டிக்காரப் பையன்களுக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது. ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, குடியாத்தம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பின் சக்கரத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள்.

அவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நம்மூர் 100 சிசி டூ ஸ்ட்ரோக்கை உரித்து டர்ட் பைக் ஆக்கினது. 1984, 85, 86 என்று அடுத்தடுத்து ஜப்பான்காரர் கூட்டோடு இண்ட் சுசுகி, ஆர்எக்ஸ் 100, கேபி 100 எல்லாம் வந்து இறங்கின. அதில் எது இன்று யார் வீட்டுப் பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்தாலும் மட்கார்டைக் கழற்றி, ஹாண்டிலை உயர்த்தி, முண்டு முண்டாக உள்ள கட்டி டயர் போட்டு மழை இல்லாத நாளில் பாலாற்று மணலிலும் ஏரி உள்வாயிலும் அமிர்தி பக்கத்துச் செம்மண் பாதையிலும் விடுகிறார்கள். இன்னொன்று, எப்போதோ யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன நிஜமான குட்டி வண்டி. ஹோண்டா 1973-ல் எக்ஸ்ஆர் 75 போட்டது, அடுத்த வருஷமே யமஹா ஒய்இசட் 80 வந்தது. அந்தக் காலத்து ஜாதி வண்டிகள் இவை, இந்தியாவில் கடையில் வைத்து விற்றதே கிடையாது. எப்படியோ ஊர் வந்து சேர்ந்த நாலைந்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதில் ஒன்றை நானே வாங்கினேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று புரியும்.

சின்ன ஹோண்டா, 80 சிசிக்குள், ஃப்ரேமில் அடித்த நம்பர் பாதி துருவில் போய்விட்டது, என்ன மாடல் என்று இன்றுவரை சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லெல்லாம் சுறா முதுகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூர்ந்திருந்தது. எண்ணினேன், 42. போனில் தேடி 42 பல், நான்கு ஓட்டை என்று ஒன்றை வரவழைத்தேன். வந்ததை ஹப் மேல், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின் மேல், வைத்தால் போல்ட் இறங்கவில்லை. ஓட்டைகள் நிற்கும் வட்டம் ஹப்பில் இருப்பதைவிட 2 மில்லி பெரிசு, அதாவது ஒவ்வொரு ஓட்டையும் 1 மில்லி வெளியே தள்ளி நிற்கிறது. நடு ஓட்டையும் ஹப்பின் நடுவே எழும்பியிருக்கும் மேட்டைவிட 3 மில்லி பெரிசு. திருப்பி அனுப்பக் கேட்டால் ஒருமுறை மாட்டிப் பார்த்ததை எடுக்க மாட்டோம் என்றார்கள். 22 வருஷம் லேத்தில் நின்றவன் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? நான் என்ன செய்தேன் தெரியுமா, உருட்டு அரத்தை எடுத்து நான்கு ஓட்டையையும் உள்பக்கமாக ராவினேன். ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் வேறு இல்லை, மறுநாள் பையன்களோடு பள்ளிகொண்டா பக்கம் ஆற்றுக்குள் போவதாகப் பேச்சு. அவசரம்.

கை அரத்தில் ராவினால் நான்கும் ஒரே மாதிரியா வரும்? ஸ்ப்ராக்கெட் மையத்திலிருந்து 1 மில்லி ஒதுங்கி உட்கார்ந்துவிட்டது. 1 மில்லி ஒதுங்கினால் சுற்றும்போது 2 மில்லி ஏறி இறங்கும். செயினை ஒரு இடத்தில் சரியாக இழுத்துவைத்தால், சக்கரத்தை அரைச் சுற்று சுற்றினதும் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்குகிறது, தொங்கும் இடத்தில் இழுத்துவைத்தால் மறுபக்கம் விரலே நுழையாது. நடுத்தரமாக ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். ஆற்றுக்குள் இறங்கி ஐந்து நிமிஷம் இருக்கும், மணலில் கியரை இறக்கி முறுக்கினேன், டப் என்று ஒரு சத்தம், பின் சக்கரம் பிடித்துக்கொண்டது, நான் முன்னால் போய் மணலில் விழுந்தேன். எனக்கு முழங்கையில் தோல் போனதோடு சரி. வண்டிக்குத்தான் கேடு. செயின் நழுவி இன்ஜின் பக்கத்து முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு, இன்ஜின் கூடான கிராங்க் கேஸைக் குத்தி, கட்டைவிரல் நுழைகிற அளவு உடைத்துவிட்டது. ராணிப்பேட்டையில் ஆர்கான் வெல்டிங் வைத்து அடைத்தேன். அந்தத் தையல் தழும்பு இன்னும் இருக்கிறது, வருகிற பையன்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன்.

ஆக, பின் ஸ்ப்ராக்கெட் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நடு ஓட்டையை. ஸ்ப்ராக்கெட்டை மையத்தில் நிறுத்துவது போல்ட் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஹப்பில் நடுவே வட்டமாக ஒரு மேடு எழும்பியிருக்கும், ஸ்ப்ராக்கெட்டின் நடு ஓட்டை அந்த மேட்டில் இறுக்கமாக, தட்டி இறக்குகிற மாதிரி இல்லாமல் கையால் அழுத்தினால் இறங்குகிற மாதிரி உட்கார வேண்டும். மையம் அங்கேதான் பிடிக்கிறது. போல்ட்டின் வேலை அதை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது. நடு ஓட்டை சிறிசாக இருந்தால் லேத்தில் போரிங் போட்டுப் பெரிசாக்கிவிடலாம், சுலபம். பெரிசாக இருந்தால் உள்ளே ரிங் கடைந்து போட வேண்டும், செய்யலாம், ஆனால் அவ்வளவு தூரம் போகிறதென்றால் வேறு ஸ்ப்ராக்கெட் தேடுவது மேல்.

அப்புறம் போல்ட் வட்டம். போல்ட் எத்தனை என்பதோடு அவை எவ்வளவு பெரிய வட்டத்தில் நிற்கின்றன என்பதும் வேண்டும். நான்கு ஓட்டை, ஆறு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளை அளந்தால் முடிந்தது. ஓட்டையின் மையத்தைக் கண்ணால் மதிப்பிட்டு அளக்காதீர்கள், அங்கேதான் 1 மில்லி, 2 மில்லி ஓடிப்போகிறது. ஒரு ஓட்டையின் இடது விளிம்பில் வெர்னியர் அளவுகோலை வைத்து, எதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை அளங்கள், இரண்டு ஓட்டையும் ஒரே அளவாக இருந்தால் அதுவே மையத்துக்கு மையம். மூன்று ஓட்டை, ஐந்து ஓட்டை என்றால் எதிரில் ஓட்டை இருக்காது, அப்போது பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் தூரத்தை இதே மாதிரி அளந்து, மூன்றுக்கு 1.155 ஆலும் ஐந்துக்கு 1.701 ஆலும் பெருக்கினால் வட்டத்தின் குறுக்களவு வந்துவிடும். இந்த இரண்டு எண்ணையும் பட்டறைச் சுவரில் பெயின்ட்டில் எழுதிவைத்திருக்கிறேன், என் சம்சாரம் யாருடைய போன் நம்பர் இது, இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டாள்.

போல்ட்டின் கனத்தையும் பாருங்கள், ஓட்டை 8 மில்லி போல்ட்டுக்கா 10 மில்லிக்கா என்று. சில பழைய சின்ன ஹோண்டாக்களில் போல்ட்டோடு பெரிய சர்க்லிப் (வளையக் கிளிப்) ஒன்றும் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும். அந்த மாதிரி ஹப்பில் கனமான ஸ்ப்ராக்கெட்டைப் போட்டால் சர்க்லிப் அதன் காடியில் இறங்காது, இறங்கின மாதிரி தெரியும், ஓடினால் தெறிக்கும்.

அடுத்தது பலர் மறக்கிற சமாசாரம், ஸ்ப்ராக்கெட் தட்டையா, தட்டு மாதிரி குழிந்திருக்கிறதா என்பது. பழையதைக் கழற்றி ஜன்னல் கண்ணாடி மேல் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் கடப்பா கல் மேடை மேல். தட்டையானது முழுசாகப் படியும். குழிந்தது என்றால் நடுப்பகுதியோ பல் பகுதியோ தூக்கி நிற்கும். எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த உயரம்தான் செயின் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேராக வருகிறதா, சாய்ந்து வருகிறதா என்று தீர்மானிக்கிறது. குழிந்ததைக் கழற்றிய இடத்தில் தட்டையானதை மாட்டினால் போல்ட் எல்லாம் அழகாக இறங்கும், சந்தோஷமாகக் கிளம்புவீர்கள், செயின் ஒரு பக்கமாகவே பல்லை அறுத்து ஒரு மாதத்தில் கத்தி மாதிரி ஆக்கிவிடும். கட்டி டயர் போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை, செயின் டயர் ஓரத்தில் உரசும்.

இப்போது செயின். இங்கேதான் உங்கள் கட்டுரையாளர் பெரிய விஷயத்தை விட்டுவிட்டார். 42 பல் என்று கேட்டால் கடைக்காரர் எந்த 42 என்று திருப்பிக் கேட்க வேண்டும், கேட்காமல் கொடுக்கிறார் என்றால் வாங்காதீர்கள். செயின் தகட்டில் 420, 428, 520 என்று அடித்திருக்கும். முதல் எண், கண்ணிகளைக் கோக்கும் ஆணி ஒன்றிலிருந்து அடுத்த ஆணி வரை உள்ள தூரம், எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில். 4 என்றால் அரை அங்குலம், 12.7 மில்லி. 5 என்றால் 15.875 மில்லி. பின்னால் வரும் இரண்டு எண் உள் அகலத்தைக் குறிக்கும், 20-க்கு 6.35 மில்லி, 28-க்கு 7.94 மில்லி. 28-க்கு அந்த எட்டுக் கணக்கு நேராக வராது, அதை ஆராயாதீர்கள், மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். பால்காரர் சைக்கிள் செயினும் அதே அரை அங்குலம்தான் என்று சொன்னால் பையன்கள் நம்ப மாட்டார்கள், நான் ஒரு துண்டு சைக்கிள் செயினை 428 பக்கத்தில் வைத்துக் காட்டுவேன், ஆணிக்கு ஆணி அச்சாக ஒத்துப்போகும், அகலம்தான் பாதிகூட இல்லை.

அதே 42 பல்லை அரை அங்குலச் செயினுக்கு வெட்டினால் பல் நுனிக்கு நுனி ஏறக்குறைய 177 மில்லி வரும். 520 செயினுக்கு வெட்டினால் 221 மில்லி. ஒன்று சாப்பாட்டுத் தட்டு, இன்னொன்று தாம்பாளம். இரண்டும் 42 பல்தான்!

ஆம்பூர்த் தம்பி ஒருவர் வந்தார், உங்கள் கட்டுரையைப் படித்த மூன்று பேரில் அவர் ஒருவர். "இன்னாண்ணே, பல்லு சரியாத்தான் கீது, போல்ட்டும் எறங்குது, செயின் மட்டும் மேல உக்கார மாட்டேங்குது" என்றார். வண்டியில் இருந்தது 420 செயின், வாங்கி வந்தது 428 ஸ்ப்ராக்கெட். 420 செயினுக்குள் 6.35 மில்லிதான் இடம், அந்த ஸ்ப்ராக்கெட்டின் பல் 7.2 மில்லி கனம், எப்படி உட்காரும்? உட்காராததால் அவருக்குப் பிரச்சினை உடனே தெரிந்தது, அதிர்ஷ்டம். தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. 420 ஸ்ப்ராக்கெட் மேல் 428 செயினைப் போட்டால் ஏறிவிடும், ஓடவும் ஓடும். ஆனால் 428-ன் உருளை 8.5 மில்லி, 420-ன் உருளை 7.8-க்கும் கொஞ்சம் குறைவு. பள்ளத்தில் முழுசாக இறங்காமல் பல்லின் தோள் மேல் ஏறி நிற்கும், பக்கவாட்டிலும் ஆடும். மூன்று மாதம் ஓட்டிவிட்டு சாமான் மட்டமாக இருக்கிறது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

செயினில் நம்பர் தேய்ந்திருந்தால் செயினை இழுத்துப் பிடித்து ஒரு ஆணியிலிருந்து பத்து கண்ணி தள்ளி உள்ள ஆணி வரை அளங்கள். 127 மில்லி பக்கம் வந்தால் 4 வரிசை, 159 பக்கம் வந்தால் 5 வரிசை. 127-க்கு மேலே 1 மில்லிக்கு மேல் நீண்டிருந்தால் அந்தச் செயின் முடிந்துபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட செயினைப் புது ஸ்ப்ராக்கெட்டில் போட்டால் புதுசும் பழசு மாதிரியே சாய்ந்துவிடும், அதனால் முன், பின், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. இதை மட்டும் உங்கள் கட்டுரையில் சரியாக எழுதியிருந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் முடிந்த பிறகு பல்லுக்கு வரலாம். பழைய எண்ணிக்கையேதான் வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. யாரோ முன்னால் ஓட்டினவர் மாற்றியிருக்கலாம், நீங்கள் எண்ணுவது கம்பெனி போட்ட எண்ணிக்கையாக இல்லாமலும் இருக்கலாம். முன்னே 14, பின்னே 42 என்றால் விகிதம் 3. பின்னே 45 ஆக்கினால் 3.21. முன்னே 13 ஆக்கிப் பின்னே 42-ஐ அப்படியே விட்டால் 3.23. அதாவது முன்னே ஒரு பல் குறைப்பதும் பின்னே மூன்று பல் கூட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டிலும் வண்டியின் வேகம் 7 சதவீதம் போல இறங்கும், 70-ல் போன வண்டி அதே முறுக்கில் 65-ல் போகும், பதிலுக்கு மணலில் இழுக்கும். பாலாற்று மணலுக்கு அந்த மூன்று பல் பெரிய உதவி, கிளட்சை நசுக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலைப் பாதை மாதிரி ஏற்ற இறக்கத்துக்கும் சரி. ஏரிக்கரை மேல் நீளமாக ஓட்டுகிறவர் பழைய எண்ணிக்கையிலேயே இருப்பது நல்லது, இல்லாவிட்டால் இன்ஜின் எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும்.

முன் ஸ்ப்ராக்கெட் விலை குறைவு என்பதால் எல்லாரும் முன்னேதான் குறைக்கிறார்கள். குறைக்கலாம், ஆனால் சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் கூடுதலாக மடங்க வேண்டும், சீக்கிரம் தேயும், பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் மேலே உள்ள ரப்பரையும் அறுக்கும். நான் முன்னே ஒன்றுக்கு மேல் குறைக்க மாட்டேன், மீதியைப் பின்னேதான் கூட்டுவேன். பின்னே கூட்டும்போது ஆக்சில் எவ்வளவு முன்னால் வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அரை அங்குலச் செயினில் ஒரு பல்லுக்கு 3 மில்லி சொச்சம். மூன்று பல் என்றால் 9.5 மில்லி. அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இருந்தால் பழைய நீளச் செயினே போதும். இல்லையென்றால் செயினைக் கூட்ட வேண்டும், அது இரண்டு கண்ணியாகத்தான் கூடும், ஒன்றாகக் கூட்ட அரைக் கண்ணி என்று ஒன்று விற்கிறார்கள், இந்த வண்டிகளில் நான் அதைப் போடுவதில்லை. பெரிசாக்கும்போது செயின் கார்டு, ஸ்விங் ஆர்ம் இடிக்கிறதா என்பதையும் சுற்றிப் பார்த்துவிடுங்கள். 42-லிருந்து 45-க்குப் போனால் சுற்றிலும் 6 மில்லி கூடும்.

எதில் செய்த ஸ்ப்ராக்கெட் என்பது தனிக் கதை. அலுமினியம் பார்க்க அழகு, எடை குறைவு, போட்டி ஓட்டுகிறவருக்குச் சரி. நம் ஊர் மணலும் செயினில் போட்ட எண்ணெயும் சேர்ந்தால் வால்வு அரைக்கிற பேஸ்ட் மாதிரி ஆகிவிடும், அதில் அலுமினியம் தாங்கவே தாங்காது. பழைய வண்டிக்கு இரும்புதான். அதிலும் ஜாக்கிரதை. சாதா எம்எஸ் (மென் இரும்பு) தகட்டில் லேசர் கட்டிங் போட்டு, பெயின்ட் அடித்து, கவரில் போட்டு விற்கிறார்கள். அரத்தை எடுத்துப் பல் நுனியில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி அறுத்தால் அது எம்எஸ். பல் கெட்டிப்படுத்தியதாக இருந்தால் அரம் வழுக்கும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். நானே செய்து கொடுப்பதென்றால் இஎன் 8 என்ற எஃகுத் தகட்டில் பல் வெட்டி, கெட்டிப்படுத்துவதற்காகப் பல்லை மட்டும் இண்டக்‌ஷன் ஹார்டனிங் அனுப்புகிறேன், அதற்கு நாளும் ஆகும், காசும் ஆகும், ஒளிக்கவில்லை.

சரி, உங்கள் ஹப்புக்கு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்றால்? இதுதான் பாதிப் பேருடைய நிலைமை. அப்போதும் வழி இருக்கிறது, அதுதான் நான் என் ஹோண்டாவுக்கு இரண்டாவது தடவை செய்தது. செயின் நம்பரும் பல் எண்ணிக்கையும் சரியாக இருக்கிற, நடு ஓட்டை உங்கள் ஹப்பைவிடச் சின்னதாக இருக்கிற ஏதாவது நம்மூர் வண்டி ஸ்ப்ராக்கெட்டை வாங்கினேன். ஆர்எக்ஸ் 100 உட்பட நம்மூர் 100 சிசி வண்டிகள் பெரும்பாலும் 428 என்பதால், என் வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டையும் செயினையும் 428-க்கு மாற்றிவிட்டேன், அதனால் எனக்குச் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். முன்னேயும் மாற்ற முடிகிறதா, புதுச் செயின் இன்ஜின் கேஸில் உரசாமல் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். பிறகு ஸ்ப்ராக்கெட்டை லேத் சக்கில் பிடித்து, நுண்ணிய ஆட்டத்தையும் காட்டுகிற டயல் கேஜின் முள்ளைப் பல் அடியில் வைத்துச் சுற்றிச் சுற்றி முள் ஆடாமல் நிற்கும் வரை தட்டித் தட்டி மையம் பார்த்தேன். இதற்கே முக்கால் மணி ஆனது, அவசரப்பட்டால் மறுபடி பள்ளிகொண்டா மணல்தான். மையம் கிடைத்தபின் நடு ஓட்டையை ஹப் மேட்டுக்குப் போரிங், பிறகு வட்டத்தைச் சமமாகப் பிரிக்கிற டிவைடிங் ஹெட்டில் வைத்துப் பழைய ஓட்டைகளுக்கு நடுநடுவே புது ஓட்டை. பழைய ஓட்டைக்கும் புது ஓட்டைக்கும் இடையில் குறைந்தது ஒரு ஓட்டை அகலத்துக்கு இரும்பு மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. பல் மட்டும் கெட்டிப்படுத்தியதாக இருந்தால் உடம்பில் டிரில் சாதாரணமாக இறங்கும், பயப்பட வேண்டாம். அதோடு இன்றுவரை ஓடுகிறது, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தொங்குகிறது.

மாட்டுவது பற்றி இரண்டு வார்த்தை. போல்ட் கழலாமல் மடக்கிவிடுகிற மடிப்பு வாஷர் பழசைத் திரும்ப மடக்காதீர்கள், உடையும். செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டு வருகிற வண்டி வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். ஆள் உட்காராத வண்டியில் செயினை இழுத்து வைக்காதீர்கள், முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிகவும் இறுகும், இரண்டு பேரை சீட்டில் உட்கார வைத்து அந்த நிலையில் கொஞ்சம் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று, பழைய ஸ்ப்ராக்கெட்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள். புதுசு மாட்டி, ஓட்டி, ஒரு வாரம் ஆன பிறகு போடுங்கள். போன மாதம் சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் வந்தார், வண்டி இருக்கிறது, ஹப்பும் உடைந்துபோய் வேறு மாற்றியிருக்கிறார், பழைய ஸ்ப்ராக்கெட் எடைக்குப் போட்டு 40 ரூபாய் வாங்கியிருக்கிறார். முன் பக்கத்திலிருந்து நூல் பிடித்து செயின் எங்கே வர வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் போனது. அவரிடம் கூலி கேட்கவே கூச்சமாக இருந்தது, கேட்டேன்.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போட்டீர்கள் என்றால் நன்றாக இருக்கும், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. என் பெயர், விலாசம் போட வேண்டாம், ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அப்புறம் குடியாத்தத்திலிருந்து போன மாதம் வந்த தம்பி ஒருவர், ஐந்து ஓட்டை ஸ்ப்ராக்கெட்டை அளவெடுக்கக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிப்போனார், போன் நம்பரும் கொடுக்கவில்லை. வீட்டில் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறோம் என்று சொன்னார். அளவெடுத்துச் சீட்டில் எழுதி அதன் ஓட்டையிலேயே கட்டி, கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன், ஞாயிறு தவிர எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய டர்னர்,
காட்பாடி.